விஎஸ் கோடை மறுபடி போட்டும் புராஜெக்ட் ஓடவில்லையா? பிழையை யார் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள்

போன மாதம் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பைச் சுமந்துகொண்டு கிருஷ்ணகிரிக்கு என்னைத் தேடி வந்தான். கல்லூரியில் கடைசி வருடம். புராஜெக்ட், மாங்காய் மண்டிக் கணக்கு. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை கிலோ பெங்களூரா ரகம் வந்தது, செந்தூரா ரகம் எவ்வளவு, கழிவு எவ்வளவு, கமிஷன் போக விவசாயி கைக்கு எவ்வளவு என்று சீட்டுப் போட்டுக் கொடுக்கும். பின்னால் கணக்குப் போடப் பைத்தானில் ஃபிளாஸ்க், முன்னால் திரையில் காட்ட ரியாக்ட், தரவெல்லாம் மைஎஸ்கியூஎல் என்ற தரவுக் கிடங்கில். லேப்டாப் மந்தமாகிவிட்டதென்று யாரோ விண்டோஸை ஃபார்மட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். டி டிரைவில் இருந்த புராஜெக்ட் ஃபோல்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திறந்தால் திரை முழுக்கச் சிவப்புக் கோடு.

"அண்ணா, விஎஸ் கோடை மூணு தடவ எடுத்துட்டு எடுத்துட்டுப் போட்டேன். செவப்பு போகவே மாட்டேங்குது."

முப்பது தடவை போட்டாலும் போகாது. விஎஸ் கோட் என்பது நிரல் எழுதுகிற மேசை, அதாவது எடிட்டர், அவ்வளவுதான். பைத்தான், நோட், ஜாவா, சி கம்பைலர் எதுவும் அதற்குள் இல்லை. தனித்தனியாக நாம் போட்டு வைத்தவை. சி டிரைவ் அழிந்தபோது அவை எல்லாம் போய்விட்டன. மேசையை மட்டும் புதிதாக வாங்கி வைத்தால் அரிவாள், தராசு எல்லாம் தானாக வந்துவிடுமா?

அன்று மதியம் நாங்கள் உட்கார்ந்து சரிசெய்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். உங்களுடைய புராஜெக்ட் வேறு மொழியில் இருந்தாலும் வரிசை பெரும்பாலும் இதுதான். ஒரு சேதி: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி, கோடு, புள்ளி மாறாமல் அடியுங்கள்.

முதலில்: இனி அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள்

விண்டோஸ் அப்படியே இருக்க, எடிட்டரை மட்டும் எடுத்துவிட்டுப் போட்டவர்களுக்கு இது. கன்ட்ரோல் பேனல் வழியாக விஎஸ் கோடை நீக்கினாலும் உங்கள் அமைப்புகளும் எக்ஸ்டென்ஷன்களும் (எடிட்டரோடு நாம் சேர்க்கும் துணைக்கருவிகள்) அழிவதில்லை. அமைப்புகள் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் 'ஆப்டேட்டா\ரோமிங்\கோட்' என்ற இடத்திலும், எக்ஸ்டென்ஷன்கள் அதே யூசர் ஃபோல்டரில் '.விஎஸ்கோட்' என்ற இடத்திலும் தங்கிவிடும். புது எடிட்டர் வந்ததும் பழைய கோளாறான அமைப்பையே எடுத்துக்கொண்டு எழும். உண்மையிலேயே வெறுமையிலிருந்து தொடங்க வேண்டுமென்றால், எடிட்டரை மூடிவிட்டு அந்த இரண்டு ஃபோல்டர்களின் பெயரையும் மாற்றி வையுங்கள். அழிக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

விண்டோஸையே மறுபடி போட்டவர்கள் ஒன்றைப் பாருங்கள். சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஃபோல்டர் இருக்கிறதா? ஃபார்மட் அடிக்காமல் மேலேயே போட்டிருந்தால் இருக்கும். பழைய யூசர் ஃபோல்டர் முழுக்க அதற்குள் கிடக்கும். விண்டோஸ் பொதுவாக 10 நாளில் அதைத் தானாகவே அழித்துவிடும் என்பதால் இன்றைக்கே வேண்டியதை எடுத்து டி டிரைவில் போடுங்கள். தம்பியின் லேப்டாப்பில் அது இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள்.

யார் கத்துகிறார்?

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மீதி வேலையில் பாதி மிச்சம். எடிட்டரை மூடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சிஎம்டி' என்று அடித்து வெறும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறங்கள். அதில் 'பைத்தான் --வெர்ஷன்' என்று அடியுங்கள். நோட் புராஜெக்ட் என்றால் 'நோட் --வெர்ஷன்', ஜாவா என்றால் 'ஜாவா --வெர்ஷன்', சி என்றால் 'ஜிசிசி --வெர்ஷன்', கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் 'கிட் --வெர்ஷன்'.

பதிப்பு எண் வந்தால் கருவி இருக்கிறது. கோளாறு எடிட்டரின் அமைப்பிலோ புராஜெக்டிலோ இருக்கிறது. 'அப்படி ஒரு கட்டளையை எனக்குத் தெரியாது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் கருவியே இல்லை, அல்லது இருந்தும் விண்டோஸுக்கு வழி தெரியவில்லை. அப்போது விஎஸ் கோடைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு பழக்கமும் வேண்டும். பிழைச் செய்தி நாற்பது வரி வந்தாலும் பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்பிஎம் (நோட்டுக்கு நூலகங்களை இறக்கும் கருவி), சி கம்பைலர் இரண்டிலும் முதல் பிழை வரியைப் படியுங்கள். நடுவில் ஓடுகிற மற்றதெல்லாம் அதன் எதிரொலிதான். பிள்ளைகள் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எப்போதும் அந்த முக்கியமான வரியை விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுக்கிறார்கள். ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஃபோல்டரைத் திறந்தீர்களா, கோப்பைத் திறந்தீர்களா?

சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எடிட்டருக்குப் புராஜெக்ட் எதுவென்று தெரியாது. 'ஃபைல்', 'ஓப்பன் ஃபோல்டர்' வழியாகப் புராஜெக்டின் தலைமை ஃபோல்டரைத் திறங்கள். அதற்கு ஒரு படி மேலேயோ கீழேயோ திறந்தாலும் 'மாட்யூல் இல்லை' என்ற சிவப்பு வரும். திறந்ததும் 'இந்த ஃபோல்டரை எழுதியவரை நம்புகிறீர்களா' என்று கேட்கும். 2021-இல் வந்த ஏற்பாடு இது. அவசரத்தில் 'இல்லை' என்று அமுக்கியிருந்தால் 'ரெஸ்ட்ரிக்டட் மோடு' என்று கீழே காட்டும். அந்த நிலையில் டீபக், டாஸ்க் ஓடாது. பல எக்ஸ்டென்ஷன்கள் முடங்கிக் கிடக்கும். உங்கள் சொந்தப் புராஜெக்ட்தான் என்றால் அந்த எழுத்தைச் சொடுக்கி 'டிரஸ்ட்' கொடுங்கள்.

பாத்: வழி தெரியாத விண்டோஸ்

கருவிகளை விண்டோஸ் எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற பட்டியல்தான் பாத். தம்பிக்கு 'பைத்தான்' என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டது. இது நிறையப் பேருக்கு நடக்கிறது. பைத்தான் கண்ணில் படாதபோது ஸ்டோருக்கு இழுத்துப் போகும் ஒரு போலிப் பெயரை விண்டோஸே வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', 'அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ்', 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸஸ்' என்று போய் பைத்தான் பெயரில் உள்ள இரண்டு பொத்தான்களையும் அணையுங்கள்.

அடுத்து, பைத்தானின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கிய நிறுவியைத் திறந்தால் முதல் திரையின் அடியில் 'பைத்தானைப் பாத்தில் சேர்' என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. தானாக டிக் ஆகியும் இருக்காது. அதை டிக் செய்துவிட்டுத்தான் 'இன்ஸ்டால்' அமுக்க வேண்டும். ஏற்கெனவே விட்டுவிட்டீர்களென்றால் அதே நிறுவியை மறுபடி ஓட்டி 'மாடிஃபை' கொடுத்து, அடுத்த திரையில் 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' என்று வரும் பெட்டியை டிக் செய்யலாம்.

பாத் சரியான பிறகும் எடிட்டருக்குள் பழைய பிழையே வருகிறதா? விஎஸ் கோட் திறந்தபோது பாத் எப்படி இருந்ததோ அதைத்தான் அதன் டெர்மினல் (எடிட்டருக்குள்ளேயே கட்டளை அடிக்கும் இடம்) கையில் வைத்திருக்கும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. எல்லா விஎஸ் கோட் ஜன்னல்களையும் மூடிவிட்டுத் திறங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு ரீஸ்டார்ட்.

எந்தப் பதிப்பைப் போடுவது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆசைப்பட்டு ஆகப் புதியதைப் போடாதீர்கள். புதுப் பைத்தான் வந்த உடனே எல்லா நூலகங்களும் (பிறர் எழுதி வைத்து நாம் இறக்கிக்கொள்ளும் நிரல்கள்) அதற்குத் தயாராக இருக்காது. தயார் நிலையில் கிடைக்காத நூலகத்தை பிப் (பைத்தானுக்கு நூலகங்களை இறக்கும் கருவி) உங்கள் கணினியிலேயே கட்ட முயலும். 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14 வேண்டும்' என்று கேட்டு விழும். அதேபோல 3.12 பதிப்பிலிருந்து 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பகுதியையே பைத்தானிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த பழைய நூலகங்கள் 'டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை' என்று நிற்கும். முன்பு எந்தப் பதிப்பில் ஓடியதோ அதையே தேடிப் போடுவது நிம்மதி. அது எது என்று மறந்துவிட்டதா? அடுத்த படியில் இருக்கிறது.

பழைய வென்வ்: பார்க்க உயிரோடு இருக்கும், உள்ளே பிணம்

இங்கேதான் அதிக நேரம் போகும்.

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் 'வென்வ்' என்றோ '.வென்வ்' என்றோ ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்தப் புராஜெக்டுக்கென்று தனியாக ஒதுக்கிய பைத்தான் அறை அது. நூலகங்கள் எல்லாம் அதற்குள் இருப்பதால் தப்பித்துவிட்டோம் என்று தோன்றும். தப்பவில்லை. அந்த ஃபோல்டருக்குள் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்ற கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். 'ஹோம் =' என்று தொடங்கும் வரியில் பழைய பைத்தான் இருந்த இடம் முழு விலாசத்தோடு எழுதியிருக்கும். அந்த விலாசத்தில் இப்போது யாரும் குடியில்லை. 'நோ பைத்தான் அட்' என்று தொடங்கும் பிழை இதனால்தான் வருகிறது. நல்லதும் ஒன்று உண்டு: அதே கோப்பில் 'வெர்ஷன்' வரியில் பழைய பைத்தானின் எண் இருக்கும். எந்தப் பதிப்பைப் போட வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

பைத்தானை அதே பதிப்பில் போட்டும் விலாசம் பொருந்தாமல் போக இன்னொரு காரணம் இருக்கிறது. விண்டோஸை மறுபடி போடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே நுழைந்தால், யூசர் ஃபோல்டரின் பெயரை மின்னஞ்சல் முகவரியின் முதல் 5 எழுத்திலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளும். முன்பு 'முருகன்' என்றிருந்தது இப்போது வாலறுந்து நிற்கும். பைத்தான் வழக்கமாக யூசர் ஃபோல்டருக்குள்ளேதான் உட்காரும். ஆகவே பழைய பெயரில் எழுதி வைத்த எந்த விலாசமும் செல்லாது.

வென்வை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். புதிதாகக் கட்டுவதே குறுக்கு வழி. ஆனால் பழையதை அழிக்கும் முன் 'ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' கோப்பு புராஜெக்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தம்பியிடம் இல்லை. பத்தில் எட்டுப் பிள்ளைகள் அந்தக் கோப்பை வைத்திருப்பதில்லை என்பது என் கணக்கு. அப்போது பழைய வென்வுக்குள் 'லிப்', அதற்குள் 'சைட்-பேக்கேஜஸ்' என்று போங்கள். 'டிஸ்ட்-இன்ஃபோ' என்று முடியும் ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பெயரிலும் நூலகத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். ஃபிளாஸ்க் எந்தப் பதிப்பு, மைஎஸ்கியூஎல் இணைப்பான் எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். நீங்களாக இறக்கியவற்றை மட்டும் குறித்தால் போதும். அவற்றைச் சார்ந்தவை பின்னாலேயே வந்துவிடும்.

பிறகு பழைய ஃபோல்டரின் பெயரை 'பழையவென்வ்' என்பதுபோல எதையாவது மாற்றிவிட்டு, புராஜெக்ட் ஃபோல்டரில் நின்று:

'பைத்தான் -எம் வென்வ் .வென்வ்'

என்று அடியுங்கள். விஎஸ் கோடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அமுக்கி 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' என்று தேடி, '.வென்வ்' என்று காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். புது டெர்மினல் திறந்தால் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வ் பெயர் தெரிய வேண்டும். தெரிந்த பிறகே நூலகங்களை இறக்குங்கள். 'பிப் இன்ஸ்டால்' என்று மட்டும் அடிக்காமல் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று முழுதாக அடித்துப் பழகுங்கள். எந்தப் பைத்தானுக்குள் இறங்குகிறது என்ற குழப்பமே வராது.

டெர்மினலில் எல்லாம் ஓடுகிறது, எடிட்டரில் மட்டும் 'இம்போர்ட்' வரிகளின் கீழ் கோடு என்றால் இன்டர்ப்ரெட்டர் தேர்வு தவறு. இல்லையென்றால் புராஜெக்டின் '.விஎஸ்கோட்' ஃபோல்டரில் உள்ள 'செட்டிங்ஸ்.ஜேசான்' கோப்பில் பழைய விலாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்பிலும் 'லான்ச்.ஜேசான்' கோப்பிலும் 'யூசர்ஸ்' என்ற சொல்லைத் தேடினால் பழைய பெயர் பிடிபடும்.

'ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை'

புது விண்டோஸில் பவர்ஷெல் (கமாண்ட் பிராம்ப்ட் போல விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரை) எந்த ஸ்கிரிப்ட்டையும் ஓட விடாது. வென்வை ஆக்டிவேட் செய்யும்போதும் என்பிஎம் ஓட்டும்போதும் சிவப்பில் இந்தச் செய்தி வரும். பயப்பட ஒன்றுமில்லை. பவர்ஷெல்லில் 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரண்ட்யூசர் ரிமோட்சைன்டு' என்று ஒருமுறை அடித்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் வழி திறக்கும். 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று போடச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். அவ்வளவு கதவு திறக்கத் தேவையில்லை. அல்லது 'டெர்மினல்: செலக்ட் டிஃபால்ட் புரொஃபைல்' வழியாக கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு மாறிவிடுங்கள். கல்லூரி ஆய்வகக் கணினிகளில் முதல் வழிக்கு அனுமதி இருக்காது, இரண்டாவதுதான் ஆகும்.

நோட், ரியாக்ட்

'நோட்_மாட்யூல்ஸ்' ஃபோல்டரை மட்டும் தயக்கமில்லாமல் அழிக்கலாம். 'பேக்கேஜ்-லாக்.ஜேசான்' கோப்பை அழிக்காதீர்கள். இணையத்தில் பாதிப் பேர் அதையும் சேர்த்து அழிக்கச் சொல்வார்கள். எந்த நூலகம் எந்தப் பதிப்பில் இருந்தது என்ற பட்டா அதுதான். அது இருந்தால் 'என்பிஎம் சிஐ' என்று அடியுங்கள். பட்டாவில் உள்ளபடியே அளந்து இறக்கும். இல்லையென்றால்தான் 'என்பிஎம் இன்ஸ்டால்'. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் செய்கிறீர்களென்றால் டேட்டா மிச்சம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பாதியில் நின்றால் அரைகுறை ஃபோல்டர் புதுப் பிழைகளைத் தரும்.

ஓட்டும்போது 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்' என்று வந்தால் உங்கள் ரியாக்ட் புராஜெக்ட் பழையது, நோட் புதியது. நோட் 17 முதல் உள்ளே இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் 3-ஆவது தலைமுறைக்கு மாறியது. பழைய ரியாக்ட் புராஜெக்டின் கோப்புகளைக் கட்டித் தரும் வெப்பேக் 4 பயன்படுத்தும் குறியாக்க முறையை அது ஏற்பதில்லை. 'ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ்' நூலகத்தை 5-ஆம் பதிப்புக்கு உயர்த்துவதே நேரான தீர்வு. நாளைக்கே வைவா என்றால் நோட் 16-ஐப் போட்டுக் காட்டிவிட்டு வந்து பிறகு உயர்த்துங்கள்.

புராஜெக்டை டெஸ்க்டாப்பில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புது விண்டோஸ் டெஸ்க்டாப்பை ஒன்டிரைவுக்குள் இழுத்துக்கொள்வது உண்டு. 'நோட்_மாட்யூல்ஸ்' உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை அது மேகத்தில் ஏற்றிக்கொண்டே இருக்க, என்பிஎம் 'அனுமதி இல்லை' என்று திணறும். புராஜெக்டை 'டி:\வேலை' மாதிரி ஒரு குட்டைப் பெயர் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஃபோல்டர் பெயரில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ வேண்டாம், ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். பழைய கருவிகள் சில அதில் தடுக்கி விழும்.

கிட்: 'இந்த ஃபோல்டர் உன்னுடையதா?'

தம்பி ரொம்பவும் பயந்தது இதைப் பார்த்துத்தான். 'டூபியஸ் ஓனர்ஷிப்' என்று கிட் சொன்னது. யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான்.

விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு நீண்ட அடையாள எண் தருகிறது. மறுபடி போடும்போது பெயர் அதேயானாலும் எண் புதிது. டி டிரைவில் உள்ள கோப்புகள் பழைய எண்ணின் பெயரில் பதிவாகி நிற்கின்றன. நிலம் அதேதான், பட்டாவில் மட்டும் வேறு ஆள் பெயர். 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல், அடுத்தவர் பெயரில் உள்ள ஃபோல்டரில் கிட் வேலை செய்ய மறுக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்.

ஒரே ஒரு புராஜெக்ட் என்றால் பிழைச் செய்தியிலேயே 'சேஃப்.டைரக்டரி' என்று கொடுக்கும் கட்டளையை எடுத்து ஓட்டுங்கள். டி டிரைவில் பத்துப் புராஜெக்ட் இருந்தால் உரிமையையே மாற்றுவது மேல். அந்தப் பெரிய ஃபோல்டரின் 'புராபர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' போய் 'ஓனர்' பக்கத்தில் 'சேஞ்ச்' கொடுத்து உங்கள் பயனர் பெயரைப் போடுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றும் பெட்டியை டிக் செய்யுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபோல்டரையும் நம்பச் சொல்லும் குறுக்குவழியும் உலவுகிறது. பென்டிரைவ் கைமாறும் இடங்களில் அது வேண்டாம்.

பெயரையும் மின்னஞ்சலையும் கிட்டுக்கு மறுபடி சொல்ல வேண்டும். கிட்ஹப்புக்கு உங்களை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் சாவியும் சி டிரைவோடு போயிருக்கும். புதிதாக ஒன்று உருவாக்கி கிட்ஹப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஜாவா, சி

ஜாவாக்காரர்கள் ஜேடிகே (ஜாவாவின் கருவித் தொகுப்பு) போட்டபின் 'ஜாவா_ஹோம்' வேரியபிள் புது இடத்தைக் காட்டுகிறதா பாருங்கள். அப்படியும் சிவப்பு போகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அமுக்கினால் வரும் கட்டளைப் பட்டியலில் 'ஜாவா: கிளீன் ஜாவா லாங்குவேஜ் சர்வர் வொர்க்ஸ்பேஸ்' என்று தேடி ஓட்டுங்கள், பழைய நினைவைத் துடைத்துவிடும். சி படிப்பவர்கள் எம்எஸ்ஒய்எஸ்2 வழியாக ஜிசிசி போட்டால் அதன் 'பின்' ஃபோல்டரைப் பாத்தில் நீங்களே சேர்க்க வேண்டும். 'இன்க்ளூட்' வரியில் கோடு வந்தால் 'சி_சிபிபி_புராபர்ட்டீஸ்.ஜேசான்' கோப்பில் கம்பைலர் விலாசத்தைத் திருத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எடிட்டர் மட்டும் முரண்டு பிடித்தால் 'ஹெல்ப்: ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' ஓட்டுங்கள். எக்ஸ்டென்ஷன்களில் பாதிப் பாதியாக அணைத்து, 'இப்போது சரியா' என்று கேட்டுக் கேட்டுக் குற்றவாளியைப் பிடித்துத் தரும்.

ஃபோல்டரில் இல்லாதவை

கடைசியாக, ஃபோல்டரில் எப்போதுமே இல்லாத பொருட்கள். கடவுச்சொல் வைத்த '.என்வ்' கோப்பு கிட்டில் ஏறியிருக்காது. ஏறியிருக்கவும் கூடாது. தம்பிக்கு அது டி டிரைவிலேயே இருந்தது. ஆனால் மைஎஸ்கியூஎல் தன் தரவைச் சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா' ஃபோல்டருக்குள்தான் வைக்கும். மே மாதம் முழுக்க மண்டியில் உட்கார்ந்து அவன் ஏற்றிய எடைச் சீட்டுகள் அதோடு போய்விட்டன. நல்லவேளையாகக் கூட்டாளிக்கு எப்போதோ மெயிலில் அனுப்பிய ஒரு எஸ்கியூஎல் கோப்பு கிடைத்தது. மைஎஸ்கியூஎல்லைப் போட்டு, '.என்வ்' கோப்பில் உள்ள அதே கடவுச்சொல்லைக் கொடுத்து, அந்தக் கோப்பை உள்ளே ஏற்றினோம். பத்து நாள் சீட்டு மட்டும் குறைந்தது.

பிறகு 'பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' ஓட்டி, 'ரீட்மி' கோப்பில் பைத்தான், நோட், மைஎஸ்கியூஎல் மூன்றின் பதிப்பு எண்ணையும் அவனையே எழுத வைத்து கிட்டில் ஏற்றச் சொன்னேன். ஃபிளாஸ்க் 5000-ஆவது போர்ட்டில் எழுந்தது, ரியாக்ட் 3000-இல். சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. சந்தோஷத்தில் ஒரு சீட்டுப் போட்டான்: பெங்களூரா 1,240 கிலோ, கழிவு 40. நிகர எடை 1,280 என்று காட்டியது.

"அண்ணா, இன்னும் ஏதோ சரியா இன்ஸ்டால் ஆகல போல."

"இது விண்டோஸ் சொல்ற பிழை இல்ல தம்பி. நாலாவது கோப்பத் திற, கழிக்கிற எடத்துல கூட்டி வெச்சிருக்க."